எனக்கும்தான் என்றவர்

யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை ‘எனக்கும்தான்’. தலைவலி என்றால் எனக்கும்தான். ராத்திரி தூக்கமில்லை என்றால் எனக்கும்தான். தாம்பரம் ஸ்டேஷனில் பர்ஸை அடித்துவிட்டார்கள் என்று ஒருத்தர் புலம்பினால், இவருக்கும் அதே ஸ்டேஷனில், அதே பிளாட்பாரத்தில் எப்போதோ பர்ஸ் போயிருக்கும். கேட்கிற ஆளுக்கு அந்த நிமிஷமே பாதி பாரம் இறங்கிவிடும். நானும் அவரிடம் அப்படி இறக்கி வைத்தவன்தான். அதனால்தான் இன்றைக்கும் அவரை நினைத்தால் முதலில் கோபம் வருகிறது, அப்புறம் இடது முட்டி வலிக்கிறது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் செம்பாக்கத்தில் பாதிப் பேர் அவருக்காக என்னிடம் சண்டைக்கு வருவார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தார். கம்பெனி மூடிய பிறகு வெள்ளிக்கிழமைச் சந்தையில் தார்ப்பாய் விரித்து பெல்ட்டும் பர்ஸும் விற்றார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஊசியும் மெழுகு நூலும் இருக்கும். பள்ளிவாசல் வாசலில் யாருடைய செருப்பு வார் அறுந்திருந்தாலும் நின்ற இடத்திலேயே தைத்துக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, தன் செருப்பும் அறுந்துதான் இருக்கும் என்பது போல அதையும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்வார்.

எங்கள் டீக்கடைக்கு ரயில்வேயில் ரிட்டயர் ஆன ஒருவர் வருவார், சர்க்கரை வியாதி. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் இவரும், “எனக்கும் சக்கர போடாதப்பா” என்பார். கசப்பு டீயை அவரோடு கடைசிச் சொட்டு வரை குடிப்பார். பெரியவர் தலை மறைந்ததும் மாஸ்டரைப் பார்ப்பார். மாஸ்டர் ஒன்றும் கேட்காமல், சர்க்கரை தூக்கலாக இன்னொரு டீ போட்டு நீட்டுவார். நாங்கள் எல்லாரும் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். நல்ல மனசு என்று நானே சொல்லியிருக்கிறேன்.

நான் ஏசி மெக்கானிக். சேலையூரில் ஒரு வீட்டுச் சன்ஷேடில் அவுட்டோர் யூனிட்டைப் பொருத்திவிட்டு இறங்கும்போது ஏணி வழுக்கி, இடது முட்டிச் சிப்பி உடைந்தது. ஆபரேஷன் செய்து கம்பி போட்டுக் கட்டினார்கள். கட்டைப் பிரித்த அன்று பார்த்தால் அது என் கால் மாதிரியே இல்லை. தொடை வற்றிப்போயிருந்தது. கால் நீட்ட வந்தது, மடங்க மாட்டேன் என்றது.

என் பிழைப்பே குந்தி உட்காருகிற பிழைப்பு. சன்ஷேடில் நாற்காலி போட்டு உட்கார முடியாது. தொழுகையும் அப்படித்தான். சஜ்தாவில் நெற்றி தரையில் பட வேண்டும், நிமிர்ந்தால் இரண்டு கால்களையும் மடித்து அவற்றின் மேலேயே உட்கார வேண்டும். முட்டி முழுசாக மடங்காதவனுக்கு வரிசையின் ஓரத்தில் நாற்காலி போடுவார்கள். எங்கள் பள்ளிவாசலில் அந்த ஓரத்தில் தள்ளாத கிழவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அப்போது நாற்பது தாண்டி கொஞ்சம்தான் ஆகியிருந்தது. மறுபடியும் தரைக்குப் போய்விட வேண்டும், எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

பிசியோதெரபிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு இடம் சொன்னார்கள். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. முட்டி போனவர்களுக்கென்றே யோசித்துப் பிடித்த இடம் போலிருக்கிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக ஏறி உள்ளே போனால் பக்கத்துக் கட்டிலில் இவர். அதுவரை பள்ளிவாசலில் சலாம், டீக்கடையில் அரட்டை, நல்லது கெட்டதுக்கு வந்துபோவது, அவ்வளவுதான் பழக்கம். சந்தைச் சரக்கோடு லோடு ஆட்டோவிலிருந்து குதித்ததில் முட்டி ஜவ்வு கிழிந்து, அவருக்கும் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவருக்கு வலது, எனக்கு இடது.

பிசியோ மேடம் சின்ன வயசுப் பெண்தான், ஆனால் கை இரும்பு. குப்புறப் படுக்கவைத்து, குதிகாலைப் பிடித்துப் பிட்டத்தை நோக்கி அழுத்துவார். முழுசாக மடங்குவது என்றால் குதிகால் போய் அங்கே தொட வேண்டும்.

“பொறுத்துக்கோங்க சார். இப்ப மடக்கலன்னா உள்ள ஒட்டிக்கும். அப்புறம் நானே நெனச்சாலும் கஷ்டம்.”

நான் கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் அவரும் கத்தினார்.

“உங்கள நான் தொடவே இல்ல சார்,” என்றார் மேடம்.

“பாய்க்கு வலிச்சா எனக்கும்தான் மேடம்.”

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீரோடு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்தப் படிகளை ஏறினேன் என்றுகூடச் சொல்லலாம். வீட்டில் மனைவி தைரியம் சொன்னாள், டாக்டர் புத்தி சொன்னார். இவர் ஒருத்தர்தான் எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு வலித்தார்.

ஒரு நாள் வலி தாங்காமல் நிஜமாகவே அழுதுவிட்டேன். குழந்தை மாதிரி, சத்தம் போட்டு. கட்டிலை விட்டு இறங்கி, மேடம் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன். அவரும் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்தார். படியிறங்கும்போது, “என்னால முடியலண்ணே. உங்களுக்கு எப்படி இருக்குது?” என்று கேட்டேன்.

“எனக்கும்தான் பாய். நின்ன எடத்துலயே நிக்குது. நம்ம வயசுக்கு இவ்ளோதான் வரும்போல.”

“மேடம் அப்படிச் சொன்னாங்களா?”

“வாயத் தொறந்து சொல்லணுமா? அவங்க மூஞ்சியப் பாத்தா தெரியல?”

அந்த வாரத்தோடு நான் நிறுத்தினேன். அவரும் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அவர் இரண்டு நாற்காலிகளோடு வந்தார். கைப்பிடி இல்லாதவை, ஒரே மாதிரி. தன் கையாலேயே பழுப்பு ரெக்ஸின் வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து மெத்தை தைத்திருந்தார். வரிசையின் ஓரத்தில் இரண்டையும் ஒட்டிப் போட்டார். நான் உட்கார்ந்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, “யா அல்லாஹ்” என்று மெல்ல முனகிக்கொண்டு. அதற்கப்புறம் எனக்கு நாற்காலி அவ்வளவு கேவலமாகத் தெரியவில்லை. ஓரமாக ஒருத்தன் உட்கார்ந்தால்தான் அசிங்கம், இரண்டு பேர் உட்கார்ந்தால் அது ஒரு வரிசை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை நடத்தும் ஹஜ்ரத் தன் பயான் பிரசங்கத்தில் நாற்காலித் தொழுகையைப் பற்றியே பேசினார். முடியாதவர்களுக்கு அல்லாஹ் சலுகை கொடுத்திருக்கிறான், தரையில் தொழ முடிந்தவர்கள் சோம்பலில் நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தத் தொழுகை கூடாது, கணக்கில் சேராது என்றார். இவர் பலமாகத் தலையாட்டினார். பிறகு என் முட்டியைத் தட்டி, “நமக்குச் சலுக இருக்கு பாய், கவலப்படாதீங்க” என்று காதில் சொன்னார்.

இப்படி ஒரு ஆள் என்பதை நான் முன்னாலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள். முட்டி உடைவதற்கு முன்னால், என்னைப் பெற்ற அத்தா இறந்தபோது வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க அத்தாவும் இப்படித்தான், தூக்கத்துலயே போய்ட்டாங்க” என்று கண் கலங்கினார். அந்தப் பிடி எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த பக்ரீதுக்கு ஆம்பூரிலிருந்து அவருடைய அத்தா வந்து இறங்கினார். கையில் பெரிய பக்கெட்டில் பிரியாணி. திடகாத்திரமான கிழவர். எனக்கும் ஒரு பங்கு கொடுத்தனுப்பினார்.

“என்னண்ணே இது?” என்று இவரிடம் கேட்டதற்கு, “அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்துட்டு வேற இன்னா பாய் சொல்றது?” என்றார். என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. செத்த மனுஷர் கொண்டுவந்த பிரியாணி என்று சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாரும் சாப்பிட்டோம்.

நாற்காலியில் மாதங்கள் போயின. வேலைக்கு ஆள் போகும்போது நான் கீழே நின்று, “அந்த நட்ட இறுக்குப்பா” என்று கத்துகிறவனாகிவிட்டேன். என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பேரும் மேலே உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று கீழேயிருந்து ஒரு மண்ணும் தெரியாது. ஒரு தடவை மனசு கேட்காமல் அவரிடம் கேட்டேன். “அண்ணே, மறுபடியும் மேடம்கிட்ட போய்ப் பாப்போமா?”

“எதுக்கு பாய் அந்த நரக வேதன? நான் வீட்ல சுவத்துல கால வெச்சு தெனம் மடக்கிப் பாக்கறேன். ஒரு வெரக்கட நகரல.”

அவருக்கே நகரவில்லை என்றால் எனக்கு எங்கே நகரப்போகிறது என்று விட்டுவிட்டேன். அவர் சொன்ன அத்தனை எனக்கும்தான்களையும் மன்னித்துவிடலாம். இந்த ஒரு விரற்கடையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு பழைய ஏசி மோட்டார் தேடிப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை காலை. புது மோட்டார் கிடைக்காத மாடலுக்கெல்லாம் அங்கேதான் வழி. இரும்புச் சாமான், பழைய டிவி, கிளிக் கூண்டு எல்லாம் தாண்டிப் போகும்போது பெல்ட்டுகள் தொங்குகிற கடையைப் பார்த்தேன். கடையைத் தன் மச்சானிடம் விட்டுவிட்டதாகத்தான் இவர் சொல்லியிருந்தார், முட்டியால் தரையில் உட்கார முடியாததால். தார்ப்பாயில் மச்சான் இல்லை.

இரண்டு கால்களையும் முழுசாக மடித்து, குதிகால்கள் மேல் அவரேதான் உட்கார்ந்திருந்தார். தார்ப்பாயின் அந்தக் கோடியில் கிடந்த ஒரு பெல்ட்டுக்காக முன்னால் குனிந்தார். நெற்றி தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தார். எடுத்துக்கொண்டு நிமிர்ந்து மறுபடியும் குதிகால் மேல் உட்கார்ந்தார். யாரோ சில்லறை கேட்க, கையைக்கூட ஊன்றாமல் விசுக்கென்று எழுந்து போனார்.

நான் கூப்பிடவில்லை. முதலில் சந்தோஷம்தான் வந்தது, அல்லாஹ் மேல் சத்தியமாக. அட, மடங்கிவிட்டதே என்று. ஒரு நிமிஷம் கழித்துத்தான் அந்தச் சுவரும் விரற்கடையும் ஞாபகத்துக்கு வந்தன. மோட்டார் வாங்காமல் திரும்பினேன்.

ஜும்ஆவுக்குச் சற்று முன்னால் அவர் பள்ளிவாசலுக்குள் நொண்டிக்கொண்டு வந்தார். சட்டை மாற்றி, அத்தர் பூசி. முட்டியைப் பிடித்துக்கொண்டு, யா அல்லாஹ் சொல்லி, என் பக்கத்து நாற்காலியில் மெல்ல இறங்கினார்.

“இன்னிக்கு ரொம்ப இறுக்கமா கீது பாய்.”

“எனக்கும்தான்,” என்றேன். எங்களுக்குள் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கவனிக்கவில்லை. அந்தத் தொழுகையில் நான் என்ன ஓதினேன் என்று எனக்குத் தெரியாது. ஓரக்கண்ணால் அந்த வலது முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழுகை முடிந்தால் ஏரிக்கரை வரை இருவரும் நடப்பது வழக்கம். நடக்கச் சொல்லி மேடம் சொன்ன பாடத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். வேலிக் கம்பியில் சாய்ந்து நின்று பேசிவிட்டுத் திரும்புவோம். அன்றைக்குக் கரையில் புல் காய்ந்து கிடந்த இடத்தில் நின்று, “கீழ உக்காருங்கண்ணே” என்றேன்.

என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தயாராகிற முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் அவர் அன்றைக்குத் தயாராகவில்லை. அப்படியே உட்கார்ந்தார். இரண்டு கால்களும் மடங்கின. நான் அவருக்கு மேலே, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் அவர் உயரத்துக்கு இறங்க முடியாது.

“எப்பலருந்து?”

“கொஞ்ச நாளாத்தான்.”

“எப்பலருந்துண்ணே?”

“நோம்புக்கு முன்னாடி.” அவர் காய்ந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். “நீங்க கட்டில்ல அழுதீங்க பாய். அந்த அழுகைய நான் பாத்தவன். எனக்கு மடங்கிடுச்சுன்னு உங்க எதுர்ல வந்து எப்படி உக்கார்றது? உங்கள மட்டும் நாற்காலில வுட்டுட்டு நான் கீழ உக்காந்தா நல்லாவா இருக்கும்?”

“உங்களுக்குத் தொழுக? முடிஞ்சவன் நாற்காலில தொழுதா கூடாதுன்னு ஹஜ்ரத் சொன்னப்ப தலையாட்டுனீங்களே.”

பிடுங்கிய புல்லைக் கீழே போட்டார். அப்புறம் சொன்னார். “வூட்டுக்குப் போயி தரைல திரும்பத் தொழுதுடுவேன் பாய். ஒண்ணுகூட வுடல.”

எனக்கு அங்கேதான் உடம்பெல்லாம் எரிந்தது. அதுவரை நான் அவரை விவரம் தெரியாத ஆள் என்று நினைத்திருந்தேன். வெகுளி, பாசம், பேஜார் பண்ணிவிட்டார் என்று விட்டுவிடக்கூடச் செய்திருப்பேன். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தான் செய்கிறதில் ஒரு நஷ்டம் இருக்கிறது என்று தெரிந்து, தன் பங்கு நஷ்டத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போய்ச் சரிக்கட்டியிருக்கிறார்.

“உங்க தொழுகைய வூட்ல போய் திரும்பத் தொழுதுட்டீங்க. என் முட்டிய நான் எங்க போய்ண்ணே திரும்ப மடக்கறது?”

எனக்கும்தான் என்று சொல்ல இந்தத் தடவை அவரிடம் அப்படி ஒரு முட்டியில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வேகமாக நடக்கவும் முடியவில்லை, அது வேறு எரிச்சல்.

டீக்கடையில் சொன்னேன். மாஸ்டர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, “எங்களுக்குத் தெரியும் பாய். உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதானே செஞ்சாரு. நல்ல மனுஷன்” என்றார். ரயில்வே பெரியவரும் நல்ல மனுஷன் என்றார். என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. திருடனிடம் ஏமாந்தால் போலீசுக்குப் போகலாம். நல்ல மனுஷனிடம் ஏமாந்தவனுக்குப் போக இடமில்லை, போனாலும் ஊர் அவனைத்தான் நன்றிகெட்டவன் என்கிறது.

அவர் அதற்கப்புறம் எங்கள் பள்ளிவாசலுக்கு வரவில்லை. குடும்பத்தோடு ஆம்பூருக்கே போய்விட்டதாகக் கேள்வி. ரெக்ஸின் நாற்காலிகள் இரண்டும் அந்த ஓரத்தில் இன்னும் இருக்கின்றன, வேறு யாரோ உட்காருகிறார்கள். நான் இப்போது தரையில்தான் தொழுகிறேன். திரும்பப் போய் மாதக்கணக்கில் அந்தக் கட்டிலில் கத்தி, அழுது, மடக்கியதுதான். நெற்றி தரையைத் தொடுகிறது. நிமிர்ந்து உட்காரும்போது மட்டும் இடது குதிகாலுக்கும் எனக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி நிற்கிறது. சின்னத் தலையணை ஒன்றை மடித்து வைத்து அதை அடைத்துக்கொள்கிறேன். உள்ளே ஒட்டியது ஒட்டியதுதான், இனி அது வராது என்று சொல்லிவிட்டார்கள். சன்ஷேடுக்கு என்னை யாரும் ஏற விடுவதில்லை.

மேடமிடம் நான் திரும்பப் போன முதல் நாளன்று, ஆம்பூருக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவர் அந்த மாடிப்படியின் கீழே நின்றுகொண்டிருந்தார். நான் வருவேன் என்று எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

“நானும் மேல வர்றேன் பாய். பக்கத்துல சும்மா உக்காந்துக்கறேன். ஒண்ணும் பேச மாட்டேன்.”

“வேணாம்.”

“வலிக்கும் பாய்.”

“வலிக்கட்டும். இது எனக்கு மட்டும்தான்ணே. நீங்க போங்க.”

கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறினேன். அவர் பின்னால் வரும் சத்தம் கேட்கவில்லை. மேலே மேடம் என் காலை மடக்கிப் பார்த்தார். மடங்காமல் நின்ற இடத்தில் மறுபடியும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

“ஏன் சார் இவ்ளோ லேட் பண்ணீங்க? உங்க ஃப்ரெண்டு நிறுத்தவே இல்லையே, காலை நேரத்துக்கு மாத்திக்கிட்டு மொத்தமா முடிச்சிட்டுப் போனாரே. அவங்க வீட்டம்மா தெனமும் கையோட கூட்டிட்டு வந்தாங்க. உங்களப் பத்திக் கேட்டேன். நீங்க வேற எங்கயோ காட்டறீங்க, நல்லா மடங்குதுன்னு சொன்னாரு.”

குப்புறப் படுத்துத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மேடம் குதிகாலைப் பிடித்தார். “இந்தத் தடவ ரொம்ப வலிக்கும் சார்” என்று சொல்லிவிட்டு அழுத்தினார். அந்த மாடியே அதிரும்படி கத்தினேன். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. பழக்க தோஷம், கத்தி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.